விண்டோஸ் போடும்போது வன்தட்டு தெரியவில்லையா? அவசரப்பட வேண்டாம்



வீட்டில் தாங்களாகவே கணனிக்கு விண்டோஸ் போட முயற்சி செய்கிறவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். இந்த மாத உரையில் அந்த இடத்தைப் பற்றித்தான் பார்க்கப்போகிறோம். யூஎஸ்பி ஸ்டிக்கைச் செருகுவீர்கள், மொழியைத் தெரிவு செய்வீர்கள், நிபந்தனைகளுக்கு ஓம் சொல்லுவீர்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போகும். பிறகு, எந்த வன்தட்டில் நிறுவுவது என்று கேட்கிற திரை வரும். அந்தத் திரையில் பட்டியல் வெறுமையாக இருக்கும். வன்தட்டு எதையும் காணவில்லை, டிரைவர் ஒன்றைத் தாருங்கள் என்று ஒரு வரி மட்டும் நிற்கும்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் விண்டோஸ் 11 போடுகிறவர்களும், பழைய கணனிக்கு லினக்ஸ் போடுகிறவர்களும், பாவித்த மடிக்கணனி வாங்கிப் புதிதாக நிறுவுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். இந்த வெறுமையான பட்டியலைக் காண்கிறவர்களும் அதனோடு கூடுகிறார்கள்.

இதைப் பார்த்தவுடன் பலர் எடுக்கிற முடிவு, "வன்தட்டு போய்விட்டது" என்பதுதான். வன்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். அல்லது கணனியையே குப்பைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் ஒரு வன்தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஊரில் இருந்து ஒரு பையோடு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். அம்மம்மாவின் ஒரேயொரு படம், யாரோ ஒரு உறவினர் கொண்டுவந்து ஸ்கான் பண்ணியது, அதற்குள் இருக்கும். பிறப்புச் சான்றிதழின் பிரதி, அகதி விண்ணப்பத்துக்குக் கொடுத்த கடிதங்கள், வீடியோ கசற்றில் இருந்து மாற்றிய கல்யாண வீடும் செத்த வீடும் இருக்கும். அசல் அல்பம் ஊரிலும் இல்லை, இங்கும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வன்தட்டை, இருக்கிறதா இல்லையா என்று வடிவாகப் பார்க்காமல் எறியக்கூடாது.

இன்றைய உரையில் நான் சொல்ல வருவது இதுதான்: நிறுவிக்கு வன்தட்டு தெரியவில்லை என்றால் வன்தட்டு செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல வேளைகளில் அது நல்ல சுகமாகவே இருக்கிறது.

ஏன் தெரிவதில்லை?

கணனியின் ஒவ்வொரு பாகத்தோடும் கதைப்பதற்கு இயங்குதளத்துக்கு ஒரு சிறிய மென்பொருள் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்கிறோம். இதை மொழிபெயர்ப்பாளர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போன எங்களுக்கு இது விளங்கும். அதிகாரி கேள்வி கேட்கிறார், பதில் சொல்ல வேண்டியவர் முன்னால் இருக்கிறார், ஆனால் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அறையில் ஆள் இருந்தும் பதில் இல்லை. நிறுவியின் வெறுமையான பட்டியலும் அப்படியானதுதான். வன்தட்டு இருக்கிறது, அதோடு கதைக்கத் தெரிந்தவர் நிறுவிக்குள் இல்லை.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இறுவட்டுக்கு, பின்னர் வந்த சாட்டா வகைக் கட்டுப்படுத்திகள் பலவற்றைத் தெரியாது. நிறுவத் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தி, டிரைவர் உள்ள நெகிழ்வட்டைச் செருக வேண்டியிருந்தது. நெகிழ்வட்டுச் செருகி இல்லாத மடிக்கணனிகள் வந்தபோது பலர் திண்டாடினார்கள். விண்டோஸ் விஸ்டா வந்த பிறகுதான் யூஎஸ்பி ஸ்டிக்கில் இருந்து டிரைவரைக் கொடுக்க முடிந்தது. எஃப்6 விசையின் தேவை போய்விட்டாலும் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் இந்த வகை டிரைவரை "எஃப்6 டிரைவர்" என்றே அழைக்கிறார்கள்.

இன்றைய மடிக்கணனிகளில் இந்த வெறுமையான பட்டியலுக்கு மிகப் பொதுவான காரணம், இன்டெல் நிறுவனத்தின் விஎம்டி என்கிற ஏற்பாடு. முதலில் சேர்வர் கணனிகளுக்காக வந்த இது, 2020இல் வெளிவந்த 11ஆம் தலைமுறைச் சில்லுகளோடு வீட்டு மடிக்கணனிகளுக்கும் வந்தது. இந்த ஏற்பாட்டில் வன்தட்டு நேரடியாகத் தெரியாது. இடையில் ஒரு கட்டுப்படுத்தி நிற்கும். அந்தக் கட்டுப்படுத்தியின் டிரைவர் நிறுவும் ஸ்டிக்கில் இல்லாவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள வன்தட்டும் தெரியாது. கடையில் வாங்கியபோது கணனி வேலை செய்ததற்குக் காரணம், தயாரிப்பாளர் அந்த டிரைவரை ஏற்கெனவே போட்டுத் தந்திருந்ததுதான்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

எதையும் கழற்றுவதற்கு முன்னர், கணனிக்கே அந்த வன்தட்டு தெரிகிறதா என்று பாருங்கள். இதற்கு பயாஸ் என்கிற அமைப்புத் திரைக்குள் போக வேண்டும். கணனியை நிறுத்திவிட்டு, மீண்டும் போட்ட உடனேயே உரிய விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல், ஏசர், அசூஸ் மடிக்கணனிகளில் பெரும்பாலும் எஃப்2. எச்பியில் எஃப்10. லெனோவோ திங்பாட்டில் எஃப்1, ஐடியாபாட்டில் எஃப்2. மேசைக் கணனிகள் பலவற்றில் டிலீட் விசை.

உள்ளே போனதும் வன்தட்டின் பெயரோ கொள்ளளவோ எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். "ஸ்டோரேஜ்" அல்லது "சிஸ்டம் இன்ஃபோர்மேஷன்" என்ற தலைப்பின் கீழ் இருக்கலாம். எதையும் மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். முடிந்தால் கைத்தொலைபேசியால் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

பயாஸில் வன்தட்டு தெரிந்தால் மூச்சை விடலாம். பிரச்சினை அநேகமாக டிரைவரில்தான். பயாஸிலும் தெரியாவிட்டால், வயரிலோ பொருத்தியிருக்கும் இடத்திலோ வன்தட்டிலோ கோளாறு இருக்கலாம். இரண்டுக்கும் வழி வேறு.

பயாஸில் தெரிகிறது, நிறுவியில் தெரியவில்லை

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது வழி பாதுகாப்பானது: டிரைவரைக் கொண்டுபோய்க் கொடுப்பது. இன்னொரு கணனியில் உங்கள் மடிக்கணனித் தயாரிப்பாளரின் இணையத்தளத்துக்குப் போங்கள். கணனியின் அடியில் ஒட்டியிருக்கிற மாதிரி எண்ணைக் கொடுத்து, "ஸ்டோரேஜ்" பகுதியில் இன்டெல் ரபிட் ஸ்டோரேஜ் டெக்னோலஜி டிரைவரைத் தேடுங்கள். எஃப்6 என்று குறித்திருந்தால் இன்னும் நல்லது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இறக்கிய கோப்பை அப்படியே ஸ்டிக்கில் போட்டால் நிறுவிக்கு விளங்காது. சிப் கோப்பாக இருந்தால் அதைப் பிரித்துத்தான் போட வேண்டும். பிரித்த கோப்புறைக்குள் .ஐஎன்எஃப் என்று முடிகிற கோப்பு ஒன்றாவது இருக்க வேண்டும். அதைத்தான் நிறுவி தேடும். இன்டெல்லின் தளத்தில் இருந்து எடுத்தால் அது பெரும்பாலும் தானாக நிறுவுகிற கோப்பாக இருக்கும். அதிலிருந்து டிரைவர்களை மட்டும் பிரித்தெடுக்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே தயாரிப்பாளரின் தளத்தை முதலில் பார்ப்பது இலகு.

பிரித்த கோப்புறையை விண்டோஸ் நிறுவும் ஸ்டிக்கிலேயே வைத்துவிட்டு, அந்த வெறுமையான பட்டியல் திரை வரைக்கும் மீண்டும் வாருங்கள். "லோட் டிரைவர்" என்பதை அழுத்தி, "பிறவுஸ்" மூலம் அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். விஎம்டி கொன்ட்ரோலர் என்று ஒரு வரி வந்தால் அதைத் தெரிவு செய்து மேலே போங்கள். சில வினாடிகளில் வன்தட்டு பட்டியலில் வந்துவிடும். பொருத்தமான டிரைவர் இல்லை என்று வந்தால், நீங்கள் எடுத்தது வேறு தலைமுறைச் சில்லுக்கு உரியது. வன்தட்டைக் குறை சொல்ல வேண்டாம், வேறு பதிப்பைத் தேடுங்கள்.

இரண்டாவது வழி, பயாஸில் விஎம்டியை நிறுத்திவிடுவது. ஒரே ஒரு வன்தட்டு உள்ள வீட்டுக் கணனிக்கு விஎம்டி கட்டாயம் இல்லை. அசூஸில் "அட்வான்ஸ்ட்" பகுதிக்குள் விஎம்டிக்கென்று ஒரு பட்டியல் உண்டு. டெல்லில் "ஸ்டோரேஜ்" பகுதியில் ரெயிட் என்று இருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்ற வேண்டும். ஏசர் மடிக்கணனிகள் பலவற்றில் இந்தத் தெரிவு ஒளிந்திருக்கும். "மெயின்" பகுதியில் நின்று கொன்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும். எச்பி மடிக்கணனிகள் பலவற்றில் இந்தத் தெரிவே இருக்காது. அவற்றுக்கு முதலாவது வழிதான்.

ஆனால் இந்த இரண்டாவது வழிக்கு மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, ஏற்கெனவே உள்ள விண்டோஸ் விஎம்டியோடு நிறுவப்பட்டிருந்தால், அதை நிறுத்தியதும் அந்தப் பழைய விண்டோஸ் தொடங்காமல் நீலத் திரை காட்டும். பயப்பட வேண்டாம், மாற்றியதைத் திரும்ப முன்னைய நிலைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் பழையபடி தொடங்கும். இரண்டு, இரண்டு வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ரெயிட் முறையில் வைத்திருக்கும் கணனியில் இதைத் தொடவே வேண்டாம், தரவுகள் போய்விடலாம். மூன்றாவது எச்சரிக்கை சற்று விரிவானது.

48 இலக்கச் சாவி

இன்றைய விண்டோஸ் கணனிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லொக்கர் என்பது அதன் பெயர். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவும்போது இது இன்னும் கூடுதலான கணனிகளில் தானாகவே இயங்குகிறது. வழமையான நாட்களில் இது உங்களுக்குத் தெரியாது. பயாஸில் எதையாவது மாற்றினால், அல்லது வன்தட்டைக் கழற்றி வேறு கணனியில் பொருத்தினால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. மைக்ரோசொஃப்ட்டாலும் முடியாது.

அந்தச் சாவி பெரும்பாலும், கணனியை முதன்முதலில் ஆயத்தப்படுத்தியவரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எங்கள் வீடுகளில் அது யார்? அப்பாவின் கணனியை மகன் ஆயத்தப்படுத்தியிருப்பார், அவருடைய பழைய மின்னஞ்சலில். அல்லது மகள் பள்ளிக்கூடக் கணக்கைக் கொடுத்திருப்பார், படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கே மூடப்பட்டிருக்கும். எனவே கணனி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்குக்குள் போய்ச் சாவியைத் தேடி எடுங்கள். தாளில் எழுதி, கடவுச்சீட்டுகள் இருக்கிற அதே கோவையில் வையுங்கள். கணனிக்குள்ளேயே சேமித்து வைப்பதில் பயன் இல்லை. அது வீட்டுத் திறப்பை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதைப் போன்றது.

பயாஸிலும் தெரியவில்லை என்றால்

கணனியை நிறுத்தி, மின்வயரைக் கழற்றி, மின்விசையைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மடிக்கணனி என்றால் உள்ளே உள்ள பற்றரியின் இணைப்பையும் கழற்ற வேண்டும். மேசைக் கணனியில் வன்தட்டுக்கு இரண்டு வயர்கள் போகும். ஒன்று தரவுக்கு, மற்றது மின்சாரத்துக்கு. இரண்டையும் கழற்றி மீண்டும் இறுக்கமாகச் செருகுங்கள். தரவு வயரை வேறு ஒன்றால் மாற்றிப் பாருங்கள். வீடு மாறும்போதும் கணனியைக் காரில் கொண்டுபோகும்போதும் இந்த வயர்கள் தளர்வது சாதாரணம்.

சூயிங் கம் துண்டு போலத் தட்டையாக இருக்கிற எம்.2 வகை எஸ்எஸ்டி என்றால், சிறிய ஸ்குரூவைக் கழற்றி, அதை எடுத்து மீண்டும் முழுமையாக உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். புதிதாக வாங்கிப் போட்டது தெரியவில்லை என்றால், வகை பொருந்துகிறதா என்று பாருங்கள். எம்.2 வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் சில கணனிகளின் பொருத்துமிடம் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். வாங்குவதற்கு முன் கணனியின் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

பழைய, சுழலுகிற வகை வன்தட்டில் இருந்து "டிக், டிக்" என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அது உண்மையிலேயே பழுதின் அறிகுறி. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் உள்ளே உள்ள தட்டு மேலும் கீறுப்படலாம். மூடியைத் திறக்கக்கூடாது, தூசி போனால் முடிந்தது. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று சிலர் சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள், ஈரம் பிடிக்கும். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால், தரவு மீட்பில் தேர்ந்த நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். செலவு கூடத்தான், ஆனால் எதையும் தொடாமல் கொடுத்தால் மீட்கும் வாய்ப்பும் கூட.

சத்தம் எதுவும் இல்லை என்றால், வன்தட்டைக் கழற்றி யூஎஸ்பி இணைப்பான் மூலம் வேறு கணனியில் போட்டுப் பாருங்கள். அப்போது, "இந்தத் தட்டைப் பாவிப்பதற்கு முன் ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்கக்கூடும். அதற்கு ஓம் சொல்ல வேண்டாம். "கான்சல்" அழுத்துங்கள். தட்டு வெறுமை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அதில் எழுதியிருப்பதை அந்தக் கணனியால் வாசிக்க முடியவில்லை என்பதுதான் அர்த்தம்.

குழப்புகிற வேறு சில விடயங்கள்

பட்டியலில் ஒரேயொரு தட்டு தெரிகிறது, ஆனால் அளவு மிகச் சிறியது, 14 அல்லது 29 என்று இருக்கிறது என்றால், அது நீங்கள் செருகிய யூஎஸ்பி ஸ்டிக்தான். 500 ஜிகாபைட் வன்தட்டு 465 என்றும், ஒரு டெராபைட் வன்தட்டு 931 என்றும் தெரிவது வழமை. கணக்கிடும் முறையில் உள்ள வித்தியாசமே அது, எதுவும் குறையவில்லை.

வன்தட்டு தெரிகிறது, ஆனால் எம்பிஆர் முறையில் இருப்பதால் இதில் நிறுவ முடியாது என்று வந்தால், அது வேறு பிரச்சினை. பிரிவுகளைக் குறித்துவைக்கும் முறை பழையது என்று அர்த்தம். இதற்குத் தீர்வாகச் சிலர் "டிஸ்க்பார்ட்" என்பதைத் திறந்து "கிளீன்" என்று அடிக்கச் சொல்வார்கள். அந்த ஒரு சொல் தட்டில் உள்ள பிரிவுகள் எல்லாவற்றையும் நீக்கிவிடும். படங்களை வேறு இடத்துக்கு எடுத்துவிட்டோம் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே அதைச் செய்ய வேண்டும்.

முதலில் படங்கள், பிறகு விண்டோஸ்

கடைசியாக ஒரு நல்ல வழி. உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை யூஎஸ்பி ஸ்டிக்கில் போட்டு, நிறுவாமலே "முயன்று பார்" என்கிற தெரிவில் ஓட்டலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. லினக்ஸில் விஎம்டிக்கான டிரைவர் உள்ளேயே இருப்பதால், விண்டோஸ் நிறுவிக்குத் தெரியாத வன்தட்டு இதில் தெரிவது உண்டு. ஆனால் ரெயிட் முறையில் வைக்கப்பட்ட சில பழைய இன்டெல் கணனிகளில் தெரியாது. தெரிந்தால், பூட்டியிருந்தால் சாவியைக் கொடுத்துத் திறந்து, படங்களையும் பத்திரங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு விண்டோஸ் போடுவதில் எந்தப் பிழை வந்தாலும் நட்டம் நேரம் மட்டும்தான்.

கடைக்குக் கொடுப்பதானால், "உள்ளே உள்ள தரவுகள் வேண்டும், அழிக்கக்கூடாது" என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வன்தட்டை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அது பழுது என்று சொன்னாலும் வாங்குங்கள்.

சுருக்கமாக ஒழுங்கைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பயாஸில் பாருங்கள். தெரிந்தால் டிரைவரைக் கொடுங்கள். தெரியாவிட்டால் வயரையும் பொருத்துமிடத்தையும் பாருங்கள். சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். எதையும் மாற்றுவதற்கு முன் 48 இலக்கச் சாவியைத் தேடுங்கள். எதையும் அழிப்பதற்கு முன் பிரதி எடுங்கள்.

கணனி இன்று நல்லாக ஓடுகிறவர்களும் இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யலாம். பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்தச் சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். குடும்பப் படங்களை இன்னொரு வன்தட்டில் பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் இருக்கிற சகோதரத்திடம் கொடுத்து வையுங்கள். ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல.

அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.